787 மாடல் கிட்டு: றெக்கை ஓகே, ரிங்கு காணோம்

மொதல்லயே சொல்லிடறேன், இது யாரும் காசு குடுத்து எழுதச் சொன்ன ரிவ்யூ இல்ல, என் சொந்தக் காசு 129 வெள்ளி (ரிங்கிட்). கோலாலம்பூர்ல புடு பக்கம் ஒரு பழைய மால், மூணாவது மாடி, ஹாபி கடை. கடை பேரையும் கிட்டு கம்பெனி பேரையும் எழுதல, ஏன்னு போகப் போகத் தெரியும்.

பொருள் என்னன்னா போயிங் 787-8 பிளாஸ்டிக் மாடல், 1:144 சைஸ். நெஜ விமானம் 57 மீட்டர் கிட்ட, இது செஞ்சு முடிச்சா 39 சென்டிமீட்டர் சொச்சம், றெக்கை அதவிட அகலம், சாப்பாட்டு மேசையில பாதி போயிடும், வீட்டுல சொல்லிட்டு வாங்குங்க. நான் சுபாங்ல விமான பாகம் செய்யுற ஒரு பேக்டரில கியூசி, அதாவது தரம் பாக்குற ஆளு, பன்னெண்டு வருஷமாச்சு. பகல் பூரா காம்போசிட் பேனல, அதாவது இழையும் பிசினும் சேத்துச் செஞ்ச பலகைய, தட்டிப் பாத்து லைட் அடிச்சுப் பாத்து சைன் போட்டுட்டு வீட்டுக்கு வந்தும் அதே வேலையான்னு பொண்டாட்டி கேட்டா. மகன் ஆசப்பட்டான், பதினோரு வயசு, என்ன செய்ய.

மூடியத் தொறந்தா சாம்பல் கலர்ல அஞ்சு பிரேம், கண்ணாடி பாகம் தனி கவர்ல, தண்ணில ஊற வச்சு ஒட்டுற ஸ்டிக்கர் ஷீட்டு ஒண்ணு. மோல்டிங் சூப்பர், பொய் சொல்லக்கூடாது. றெக்கையோட பின் ஓரம் அவ்ளோ மெலிசா வந்திருக்கு, வெரல வச்சுத் தடவிப் பாத்தேன், ஒரு எடத்துலகூட பிசிறு தட்டல. டப்பாவுல பசை கெடையாது, அது தனியா 14 வெள்ளி.

பாகத்தயெல்லாம் கத்தரிச்சு மேசையில பரப்புனப்போ மகனுக்கு ஒரு வெளையாட்டு காட்டுனேன். நெஜ 787-உம் இப்படித்தான் பாகம் பாகமா வந்து சேருதுடான்னு சொல்லி, றெக்கைய ஊறுகாய் பாட்டில் பக்கம் வச்சேன், அது ஜப்பான் நாகோயா, மிட்சுபிஷி செய்யுறது. மூக்குப் பக்கம் அமெரிக்கால விச்சிட்டா. நடு உடம்புல ஒரு பகுதி இத்தாலி, பின் உடம்பு சவுத் கரோலினா, றெக்கைக்குப் பின்னால அசையுற பாகம் ஆஸ்திரேலியா மெல்போர்ன். பெரிய பெரிய துண்டயெல்லாம் தூக்கிட்டு வர்றதுக்குன்னே நாலு பழைய 747-ஐ வயித்த வீங்க வச்சு மாத்துனாங்க. ஆரம்பத்துல எல்லாம் வாஷிங்டன் மாநிலம் எவரெட்டுக்குத்தான் வந்து எறங்குச்சு, அங்க சேத்து ஒட்டுனாங்க. அப்போ எவரெட் எங்கப்பான்னு கேட்டான். பசை டியூப காட்டுனேன்.

இந்தப் பசை டியூபுக்குத்தான், அதாவது சேத்து ஒட்டுற வேலைக்குத்தான், 2003-ல அமெரிக்க மாநிலங்க முட்டி மோதுச்சு. அப்ப விமானத்துக்குப் பேரு 7ஈ7. எங்க அசெம்பிள் பண்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல, யாரு என்ன தருவீங்கன்னு போயிங் கேட்டுச்சு, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி ஊரு ஊரா போயி உக்காந்தாங்க, ஒவ்வொரு ஊரும் தட்ட நெறச்சு வச்சுச்சு. கடைசில ஏற்கனவே அவங்க இருந்த வாஷிங்டனே 20 வருஷத்துக்கு சுமார் 320 கோடி டாலர் வரிச் சலுகை குடுத்து பிடிச்சு வச்சுகிச்சு. அப்ப அசெம்பிளி வேலைக்கு எவ்ளோ ஆளு தேவைன்னு போயிங் சொன்னது 800-லேர்ந்து 1,200 பேரு. வகுத்துப் பாருங்க, 1,200 பேருன்னு வச்சாலும் ஒரு ஆளுக்கு 26 லட்சம் டாலருக்கு மேல. சரி, சலுகை அந்த மாநிலத்து விமானத் தொழிலுக்கே மொத்தமா குடுத்தது, இந்த ஒரு லைனுக்கு மட்டும் இல்ல, அதனால என் கணக்கு கொஞ்சம் கோணல்தான், இருந்தாலும் 14 வெள்ளி பசைக்கு கிட்டு வெலைய குடுத்த மாதிரி ஒரு உறுத்தல் இருக்கத்தான் செய்யுது.

ஆனா ஒட்டுற வேலைய லேசா நெனைக்காதீங்க. இந்த கிட்டுல இடது றெக்கைய உடம்புல சொருகுனா மேல் பக்கம் ஒரு கேப், நம்ம ஐசி கார்டு, அதாவது அடையாள அட்டை, உள்ள போற அளவு. வலது பக்கம் கச்சிதமா இருக்கு, இடதுதான் இப்படி. ரெண்டு ராத்திரி போச்சு, பட்டி தடவி, காய வச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, திரும்பத் தடவி, இடுப்பு புடிச்சுகிச்சு. எங்க வேலையில இந்த மாதிரி கேப்ப அடைக்க மெல்லிசா ஒண்ணு வைப்போம், ஷிம்னு பேரு. நெஜ 787-ல உடம்புத் துண்டுங்க சேருற எடத்துல இந்த ஷிம் அளவு சரியில்லன்னு கண்டுபிடிச்சாங்க, கேப்பு என்னமோ பேப்பர் தடிமன்தான், அதோட இன்னும் சில தரக் குறையும் சேந்து 2021 மே மாசத்துலேர்ந்து 2022 ஆகஸ்ட் வரைக்கும் டெலிவரியே நின்னு போச்சு. அதுக்கும் முன்னாடி 2007 ஜூலை 8-ல, தேதி 7/8/7 வரணும்னே நாள் பாத்து, முத விமானத்த உலகத்துக்குக் காட்டுனாங்க, பளபளன்னு பெயிண்ட் அடிச்சு. உள்ள காலி. ஆணி பத்தாம ஹார்ட்வேர் கடையில வாங்குன தற்காலிக ஆணியெல்லாம் போட்டு நிறுத்துனது. அது பறந்தது 2009 டிசம்பர்ல, முத கஸ்டமருக்கு விமானம் போனது 2011-ல. எங்க சூப்பர்வைசரு ஒருத்தரு சொல்வாரு, பாகம் செஞ்சவன் பத்து பேரு தப்பும் கடைசில சேக்குறவன் மடியிலதான்டா விழும்னு. என் இடது றெக்கைய ஒட்டுனப்போ அவர நெனச்சுகிட்டேன்.

மூக்குக்குள்ள வெயிட் வைக்கணும்னு பேப்பர்ல போட்டிருக்கு, ஆனா டப்பாவுல வெயிட் தரல. வைக்காட்டி வாலு தரையத் தட்டிட்டு மூக்கு வானத்த பாக்கும். மீன் புடிக்குற கடையில ஈயக்குண்டு நாலு வாங்கி பசை போட்டு உள்ள ஒட்டுனேன், 3 வெள்ளி. உடம்ப மூடுறதுக்கு முன்னாடியே வச்சுடுங்க, மூடிட்டா அவ்ளோதான் கதை.

ஸ்டிக்கர் மட்டம். பழைய ஸ்டாக் போல, ஓரம் மஞ்சளாயி, தண்ணில போட்டதும் ரெண்டா கிழிஞ்சுச்சு. மகன் அழாத கொறை.

சரி, எவரெட் கதைக்கு வர்றேன். அவ்ளோ குடுத்து பிடிச்சு வச்ச லைன் என்னாச்சு தெரியுமா? 2008-ல அங்க 57 நாள் ஸ்ட்ரைக், மறு வருஷம் ரெண்டாவது லைன சவுத் கரோலினா நார்த் சார்ல்ஸ்டன்ல போடறோம்னு போயிங் சொல்லிடுச்சு. அந்த மாநிலம் ஒரு காரியம் செஞ்சுச்சு, 3,800 வேலை, 75 கோடி டாலர் முதலீடுன்னு கணக்க பேசி வாங்கிகிட்டு அப்புறம்தான் சலுகைய நீட்டுச்சு. அங்க செஞ்ச முத 787 2012-ல ஏர் இந்தியாவுக்குத்தான் போச்சு. பின்னாடி 787-10 வந்தப்போ நடு உடம்பு ரொம்ப நீளம், அந்த வயித்து வீங்கி 747-க்குள்ள நுழையாது, அதனால அத சார்ல்ஸ்டன்ல மட்டும்தான் செய்ய முடியும்னு ஆச்சு. 2021-ல 787 மொத்தமும் அங்க போயிடுச்சு. எவரெட்ல 787 லைன் ஒண்ணு கூட இல்ல.

நடுவுல 2013-ல 777எக்ஸ்னு போயிங்கோட அடுத்த புது விமானம் வந்தப்போ திரும்ப அதே ஏலம், 22 மாநிலம் கைய தூக்குச்சு. வாஷிங்டன் 2040 வரைக்கும் சுமார் 870 கோடி டாலர் சலுகைய அவசர அவசரமா பாஸ் பண்ணுச்சு. தொழிலாளிங்க பழைய பென்ஷன விட்டுக் குடுக்கணும்னு கம்பெனி கேட்க, மொத ஓட்டெடுப்புல முடியாதுன்னாங்க, 2014 ஜனவரில 51 சதவீதத்துல இழுத்துப் பறிச்சு சரின்னாங்க. இதுல எனக்குப் புடிச்ச ஒரே விஷயம், இந்தத் தடவ றெக்கையையும் இங்கயே செய்யணும்னு சட்டத்துலயே எழுதி வாங்குனாங்க. றெக்கைக்குன்னு தனி காம்போசிட் பேக்டரி அங்க வந்துச்சு. விமான வேலையில சரக்கு இருக்குறதே றெக்கையிலதான், அது நாகோயாவுக்குப் போனதுல பட்ட சூடுன்னு நெனைக்கிறேன். ஆனா எத்தன பேருக்கு வேலைன்னு மட்டும் எழுதல, இவ்ளோ காசு குடுக்குறவன் அத எப்படி மறப்பான்? 777எக்ஸ் 2020-லயே கஸ்டமர் கைக்குப் போயிருக்க வேண்டியது, 2025 முடியும்போதும் ஒண்ணு கூட போகல.

நம்ம ஊருலயும் மாமாக் கடையில (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரேக் குடிச்சுகிட்டே ஒரு அங்கிள் ஆரம்பிப்பாரு, பினாங்குக்கு வரணும், கெடாவுக்கு வரணும், ஒரு முழு பிளேன் பேக்டரி வந்தா நம்ம பிள்ளைங்க நல்லா இருக்கும் லா அப்படின்னு. நான் எதுத்துப் பேசறது இல்ல. எங்கம்மா பினாங்கு பாயான் லெப்பாஸ்ல எலக்ட்ரானிக் பேக்டரில ஆபரேட்டரா இருந்தவங்க, 1972-ல ஆரம்பிச்ச அந்த ஏரியாவும் வரிச் சலுகை குடுத்து இழுத்ததுதான், அந்த சம்பளத்துலதான் நான் படிச்சேன். ஆனா முழு பிளேன் இல்லாமலே நம்மகிட்ட என்னென்ன இருக்குன்னு அங்கிளுக்குத் தெரியாது. ஏ320 றெக்கை பாகம் சுபாங்ல செய்யுறாங்க, புக்கிட் காயு ஹீத்தாம்ல போயிங்குக்கு காம்போசிட் பாகம் போகுது, செரண்டாவுல ரோல்ஸ் ராய்ஸ் ட்ரெண்ட் 1000 இன்ஜினுக்கு பேன் கேஸ் செய்யுறாங்க, அதாவது முன்னாடி சுத்துற காத்தாடிய வளைச்சு நிக்குற பெரிய ரிங்கு. 787-க்குப் போடற ரெண்டு வகை இன்ஜின்ல ட்ரெண்ட் 1000 ஒண்ணு.

இப்ப வர்றேன் பாருங்க விஷயத்துக்கு. என் டப்பாவுல காணாம போனது அந்த ரிங்குதான். ரெண்டு இருக்கணும், ஒண்ணுதான் இருந்துச்சு. பிரேம்லயே அந்த எடம் மொட்டையா இருக்கு. ஒலகத்துல எத்தனையோ எடத்துலேர்ந்து வர்ற பாகம் எல்லாம் சரியா இருக்கு, வீட்டுலேர்ந்து ஒரு மணி நேரத்துல போயிட்டு வரக்கூடிய ஊரு பாகம் இல்ல. சிரிச்சுட்டேன். மகனுக்கு சிரிப்பு வரல.

கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். தவ்கே, அதாவது கடை முதலாளி, டப்பாவ பாத்தாரு, தொறந்துட்டியே, பாகம் கத்தரிச்சுட்டியே, மாத்த முடியாதுன்னாரு. தொறக்காம எப்படிங்க எண்ணுறது? கம்பெனிக்கு எழுதுனேன், ஒரு பாரம் அனுப்புனாங்க, நிரப்பி அனுப்பி அஞ்சு வாரம் சத்தமே இல்ல. அதனால இந்த கிட்டு வாங்கறவங்க பில்லு போடறதுக்கு முன்னாடி கடையிலயே தொறந்து காட்டச் சொல்லுங்க, நாலாவது பிரேம்ல ரெண்டு ரிங்கு இருக்கான்னு பாருங்க, மூஞ்சிய சுளிச்சா சுளிக்கட்டும். மோல்டிங்குக்கு அஞ்சுல நாலு, ஸ்டிக்கருக்கு ஒண்ணு, பசை பெயிண்ட் ஈயக்குண்டு சேத்து எனக்கு 190 வெள்ளி கிட்ட ஆச்சு, இந்தப் பொருளுக்கு அந்த வெல அதிகம்தான்.

போன வாரம் தவ்கே மெசேஜ் போட்டாரு, வேற ஒரு டப்பா கப்பல்ல நசுங்கி வந்திருக்காம், அதுலேர்ந்து ரிங்கு எடுத்து வச்சிருக்கேன், சனிக்கெழம வா, காசு வேணாம்னு. மனுஷன் அவ்ளோ மோசம் இல்ல. அதுவரைக்கும் விமானம் ஷோகேஸ்ல, ரிங்கு இல்லாத இன்ஜின் சுவத்துப் பக்கம் பாக்குற மாதிரி திருப்பி வச்சிருக்கான் மகன்.