கைடா, செல்போனா, பாட்டியா?

எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருக்கிறாள். "தூற்றுதல் என்றால் என்ன?" என்று கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். போன வருஷம் யூனிட் டெஸ்டில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுவிட்டார்கள்: "நெல்லோடு கலந்திருக்கும் பதரைக் காற்றின் உதவியால் பிரிக்க முடிகிறதே, ஏன்?" அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டு வந்தாள். அவள் பாட்டியோ தினமும் வாசலில் முறத்தை வைத்துப் புடைப்பவர். அந்த விடையை ஐந்து முறை எழுதச் சொல்லி அனுப்பியது நான்தான், அதனால் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் உட்காருவார்கள். அறிவியல் டெஸ்டுக்கு முந்தைய வாரம் எதைச் செய்ய வைத்தால் பலன் என்று இத்தனை வருஷமாக மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன்.

முதலில் உருப்போடுதல். திரும்பத் திரும்பப் படிப்பது, ஐந்து முறை எழுதுவது எல்லாமே இதில் அடக்கம். இதைக் கேலி செய்ய மாட்டேன். நாளைக் காலையில் டெஸ்ட் என்றால் இது ஓரளவு கைகொடுக்கும். ஆனால் நம் ஊரில் நாளைக் காலை டெஸ்ட் நாளைக்கே நடக்கும் என்று என்ன நிச்சயம்? ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் உருவானால் மழை லீவு, டெஸ்ட் அடுத்த வாரம். அதற்குள் பாதி கரைந்துவிடும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியை இரண்டு தரம் படித்தவர்களுக்கு ஐந்து நிமிஷம் கழித்து 81 சதவீதம் நினைவிருந்தது. ஒரு தரம் படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 75தான். ஒரு வாரம் போனதும் நிலைமை தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. அதைப் படித்தபோது மழை லீவுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அடுத்தது கைடு. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்குச் சரியான விடை எது என்று காட்ட ஏதாவது ஒன்று வேண்டும்தானே. கோடிட்ட இடம், பொருத்துக, சரியா தவறா வகைக் கேள்விகளைச் சரிபார்க்க இது போதும். அதற்கு மேல் நம்பினால் ஆபத்து. ஒருமுறை வாங்கிய கைடு ஒன்றில் குழியாடியும் குவியாடியும் இடம் மாறி அச்சாகியிருந்தன. பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டு வந்து நின்றார்கள். டவுன் பஸ் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியைப் போய்ப் பாருங்கள் என்று அனுப்பினேன். பின்னால் வருகிற வண்டிகள் சிறிதாக, ஆனால் ரோடு முழுக்கத் தெரியும். அது வெளியே புடைத்த குவியாடி. அதற்கப்புறம் ஒருவரும் அதில் தப்பு விடவில்லை.

செல்போன் விஷயத்தில் நான் மனம் மாறியிருக்கிறேன். பாடப்புத்தகத்திலேயே கியூஆர் கோடு இருக்கிறது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. கண்ணால் பார்க்க முடியாதவற்றுக்கு, அதாவது செல்லுக்குள் இருக்கும் நுண்ணுறுப்புகள், அணுவுக்குள் எலக்ட்ரான் போன்றவற்றுக்கு, இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் மறுபார்வைக்கு? பத்து நிமிஷம் பார்த்துவிட்டு "புரிஞ்சிடுச்சு சார்" என்பார்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். பாடத்தை முதல் தடவை புரிந்துகொள்ள வீடியோ, டெஸ்டுக்கு முந்தைய வாரம் வேண்டாம். கரண்ட் போய் சார்ஜ் இறங்கும் ராத்திரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டியூஷன் சென்டரில் தினமும் ஸ்லிப் டெஸ்ட் வைத்தால் நல்லது. வெறுமனே நோட்ஸ் எழுதிப்போட்டால் மாதப் பணம் தண்டம்.

மிச்சம் இருப்பது புத்தகத்தை மூடிவிட்டுக் கேள்வி கேட்பது. என் ஓட்டு இதற்குத்தான். அமெரிக்காவில் எட்டாம் வகுப்பு அறிவியல் வகுப்புகளிலேயே இதைச் சோதித்து 2011இல் வெளியிட்டிருக்கிறார்கள். சிறுசிறு வினாடி வினா வைத்து உடனே சரியான விடையும் சொன்ன பகுதிகளில் யூனிட் தேர்வு மதிப்பெண் 13 முதல் 25 சதவீதம் வரை கூடியது. தேர்வுக்குச் சற்று முன் வைத்த மறுபார்வைக் கேள்விகளால்தான் அதிகப் பலன். 'உடனே விடை சொன்ன' என்பதைக் கவனியுங்கள். தப்பான விடையைத் திருத்தாமல் விட்டால் அது அப்படியே உறைந்துவிடும்.

நான் செய்வது இதுதான். பழைய கல்யாணப் பத்திரிகைகளை நாலாக வெட்டி, அச்சில்லாத பக்கத்தில் ஒரு கேள்வி, கீழே புத்தகத்தின் பக்க எண். விடையை எழுத விடுவதில்லை. எழுதினால் கண் தானாக அங்கே ஓடும். சொல்லிப் பார்த்த பிறகு பக்கத்தைப் புரட்டிச் சரிபார்க்க வேண்டும். தெரிந்த அட்டை ஞாயிற்றுக்கிழமை டப்பாவுக்கு, தெரியாதது நாளை டப்பாவுக்கு. பிஸ்கட் டப்பா இரண்டு போதும். 'புக் பேக்' கேள்விகளோடு நிறுத்தாமல் பிள்ளைகளையே கேள்வி எழுதச் சொல்வேன். வீட்டிலிருந்து தஞ்சாவூர் போய் வீட்டுக்கே திரும்பினால் இடப்பெயர்ச்சி (கிளம்பிய இடத்துக்கும் போய் நின்ற இடத்துக்கும் நேர்கோட்டில் உள்ள தூரம்) எவ்வளவு என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதினான். சுழியம் என்ற விடையை நாலு பேர் அரைமணி நேரம் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய்வந்திருக்கிறோமே என்று. தொலைவு வேறு, இடப்பெயர்ச்சி வேறு என்று அந்தச் சண்டையில் பதிந்தது, நான் போர்டில் எழுதியபோது பதியவில்லை.

"நாங்கள் படிக்கவில்லையே, எப்படிக் கேள்வி கேட்பது?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். நடவிலிருந்து இடுப்பு ஒடிந்து வந்தவரிடம் பாடம் நடத்தச் சொல்ல முடியாதுதான். ஆனால் கேட்பவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. "ஏன்?", "அப்புறம்?" இந்த இரண்டும் போதும். பிள்ளை எங்கே திணறுகிறதோ அந்தப் பக்கத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். பாடத்தை அரைகுறையாகத் தெரிந்த அண்ணன்களைவிட ஒன்றும் தெரியாத பாட்டி மேல், ஏனென்றால் அண்ணன் பாதியிலேயே விடையைச் சொல்லிவிடுவான்.

அந்தப் பெண்ணையும் இந்த முறை பாட்டியிடம்தான் அனுப்பினேன். பாட்டி முறத்தை நிறுத்தவில்லை.

"பதரு காத்துல போவுது. நெல்லு ஏன் போவல?"

"நெல்லு கனம், பாட்டி. பதருக்குள்ள அரிசி இல்ல, லேசு."

"சரி, அப்ப கல்லு? அதுவும் நெல்லோட கனமாத்தான கிடக்கு?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உள்ளே ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள், கையால் தெரிந்தெடுத்தல் எந்தப் பக்கம் என்று பார்க்க.