எஸ்பெராண்டோவில் வீடு எங்கே என்று சொல்வது: சில வருஷப் பழக்கத்துக்கு அப்புறம்

சில வருஷமாக எஸ்பெராண்டோவில் பேசுகிறேன், எழுதுகிறேன். மொழி முழுவதையும் அலசப் போவதில்லை. யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று சொல்ல அது எவ்வளவு தோதாக இருக்கிறது என்பது மட்டும்தான் இங்கே விஷயம். வீடியோ அழைப்பில் புது ஆள் வந்தால், பேருக்கு அடுத்தபடி இதைத்தானே கேட்கிறார்கள்.

கேள்விப்படாதவர்களுக்கு: ஸாமென்ஹோஃப் என்ற கண் மருத்துவர் தாமே உருவாக்கி 1887-இல் வார்சாவில் வெளியிட்ட மொழி இது. மொழி கற்றுத்தரும் டுயோலிங்கோ செயலியில் 2015-இல் பாடம் வந்தது, ஆனால் ஆங்கிலம் வழியாக. அங்கேதான் நம்ம ஆட்கள் தேவையில்லாமல் சுற்றிப் போகிறார்கள். இடம் சொல்லும் விஷயத்தில் தமிழிலிருந்து நேரே போனால் பாதி வேலை மிச்சம் என்பது என் கட்சி.

அங்கே, இங்கே, எங்கே. அப்படி, இப்படி, எப்படி. முதல் எழுத்தை மாற்றினால் நமக்குப் பொருள் மாறிவிடுகிறது இல்லையா, அதே கணக்கை ஸாமென்ஹோஃப் ஒரு பெரிய அட்டவணையாகவே போட்டு வைத்திருக்கிறார். கியே என்றால் எங்கே, தியே என்றால் அங்கே, இயே என்றால் எங்கோ, ச்சியே என்றால் எங்கும், நெநியே என்றால் எங்குமே இல்லை. இங்கே என்பதற்கு மட்டும் தனி எழுத்து ஒதுக்காமல் அங்கேக்குப் பக்கத்தில் ஒரு ‘ச்சி’ போட்டு ‘ச்சி தியே’ என்று ஒப்பேற்றிவிட்டார், அதில் நம்ம தமிழ் ஒரு படி மேல். போகிற திசை வந்தால் கடைசியில் ‘ன்’ ஒட்டும்: கியே லோஜாஸ் வி என்றால் எங்கே குடியிருக்கிறீர்கள், கியென் என்றால் எங்கே கிளம்பிவிட்டீர்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இந்த ‘ன்’னைப் போட மறந்து தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்; மதுரையில், மதுரைக்கு, மதுரையிலிருந்து என்று உருபு ஒட்டியே வளர்ந்த நமக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நமக்கு உதைப்பது வேறு இடம். தமிழில் பெயருக்குப் பின்னால் வருகிற ‘இல்’, ‘இலிருந்து’ எல்லாம் எஸ்பெராண்டோவில் தனிச்சொல்லாகப் பெயருக்கு முன்னால் வரணும், அது நாக்குக்குப் பழக நாளாகும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ச்சே’. சலிப்பாகச் சொல்கிற மாதிரி காதில் விழும், ஆனால் அக்கா வீட்டில் இருக்கிறேன், மாமா வீட்டில் தங்கியிருக்கிறேன் என்பதற்கெல்லாம் ‘ச்சே’ போட்டு ஆளைச் சொன்னால் போதும், வீடு என்ற சொல்லே வேண்டாம். அடுத்தது ‘த்ரான்ஸ்’. நான் இருப்பது மதுரையில் வைகைக்கு வடகரையான செல்லூர், மீனாட்சி கோயிலும் மாசி வீதிகளும் ரயில் நிலையமும் வைகைக்குத் தென்கரை, ஆக ‘த்ரான்ஸ் ல ரிவேரோ’ என்று மூன்று சொல்லில் அக்கரை வந்துவிடுகிறது. (வைகையை நாங்கள் கடக்கிற ஏ.வி. பாலம் திறந்தது 1889-இல். மொழி அதைவிட ரெண்டு வயசு மூத்தது.)

இருப்பது செல்லூர், சொந்த ஊர் சோழவந்தான் என்று பிரித்துச் சொல்லவும் வழி இருக்கிறது, முன்னதுக்கு ‘லோஜாஸ்’, பின்னதுக்கு ‘தெவெனாஸ்’. அதில் குறை இல்லை.

குறை எல்லாம் ஊர்ப் பேரில்தான். பெயர்ச்சொல் என்றால் ‘ஓ’வில் முடியணும் என்பது விதி, அதனால் மதுரை ‘மதுராயோ’ ஆகிறது, மதுரைக்காரர் ஆணானாலும் பெண்ணானாலும் ‘மதுராயானோ’. இதுவரை சரி. செல்லூரை ‘செலூரோ’ என்று ஒருத்தர் எழுதினார், எனக்கே எந்த ஊர் என்று புரியவில்லை. இருக்கும் 28 எழுத்தில் ழ கிடையாது, சோழவந்தானின் கதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நம்ம நாட்டுக்கோ மூன்று பேர் புழங்குகிறது: ஹிந்துயோ, ஹிந்தியோ, பாராத்தோ. நடுவில் இருப்பதை மதுரைக்குள் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், வீண் வாக்குவாதம்தான் மிச்சம். நான் பாராத்தோவோடு நின்றுகொண்டேன்.

‘இதை வச்சு யார்கிட்டண்ணே பேசுவீங்க?’ என்று தம்பிமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி, தெருவில் பேச ஆள் இல்லைதான். ஆனால் 1974-இலிருந்து பஸ்போர்த்தா செர்வோ என்று ஒன்று நடக்கிறது, எஸ்பெராண்டோ பேசுகிறவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் காசில்லாமல் தங்கிக்கொள்ளலாம். அப்படி யாராவது வருவதாக இருந்தால், எந்தக் கரை, எந்தப் பாலம், பாலத்துக்கு அப்புறம் எந்தப் பக்கம் என்று வழி முழுவதையும் எஸ்பெராண்டோவில் எழுதுகிறேன், ஊர்ப் பேரையும் தெருப் பேரையும் மட்டும் ‘ஓ’ ஒட்டாமல் அப்படியே விட்டு, முன்னால் பேட்டை, தெரு என்பதற்கான அவர்கள் சொல்லைப் போட்டுவிடுகிறேன். கூடவே முகவரியைத் தமிழில் எழுதி ஒரு படமும் அனுப்பிவிடுவேன். மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் ‘செலூரோ’ என்றால், அவர் எங்கே கொண்டுபோய் விடுவார் என்று சொல்ல முடியாது.