ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்: திணறும் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு நான் முதலில் எடுக்கும் கருவி

புதன்கிழமை காலை 10 மணி தாண்டினால் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து போன் வந்துவிடும். "தம்பி, மறுபடியும் தொங்குது, எக்செல் திறக்கவே அஞ்சு நிமிஷம் ஆகுது" என்று அந்த அக்கா சொல்லி முடிப்பதற்குள் ஸ்டோர்ஸிலிருந்து இன்னொருவர் கூப்பிடுவார். எங்களிடம் இருக்கும் 600 கம்ப்யூட்டர்களில் பாதிக்கு மேல் 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ளவை. "மெஷின் பழசு, மாத்தணும்" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டுப் போய்விடலாம், பல மாதம் அப்படித்தான் செய்தோம். ஆனால் அதே பழைய மெஷின் வியாழக்கிழமை நன்றாக ஓடுகிறதே, அது எப்படி என்று ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வைத்தது ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்தான்.

தெரியாதவர்களுக்கு: இது சிஸ்இன்டர்னல்ஸ் என்ற கருவித் தொகுப்பில் உள்ள ஒரு சின்ன விண்டோஸ் கருவி, கம்ப்யூட்டரில் அந்த நொடியில் ஓடும் ஒவ்வொரு ப்ரோகிராமையும் (ப்ராசஸ்) அது எவ்வளவு இழுக்கிறது என்பதையும் காட்டும். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-ல் தொடங்கியது சிஸ்இன்டர்னல்ஸ், 2006-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. காசு கிடையாது. இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம், ஒரே ஒரு எக்ஸி ஃபைல், பென்டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம் அல்லது ஷேர் ஃபோல்டரிலிருந்து நேரடியாக ஓட்டலாம். திணறிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் இன்னொரு பெரிய சாஃப்ட்வேரை ஏற்றினால் அது மொத்தமாகப் படுத்துவிடும் என்பதால், இது இவ்வளவு லேசாக இருப்பதே எனக்கு முதல் நிம்மதி.

ஒன்று மட்டும் மறக்காமல் செய்யுங்கள், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் லாகினில் ஓடுகிறவற்றைத் தவிர மற்றவற்றின் விவரம் பாதி வராது, நமக்கு வேண்டியதோ சிஸ்டம் கணக்கில் ஓடுகிறவை.

சரி, அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். 9:50-க்கே அக்காவின் சீட்டில் போய் உட்கார்ந்து ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, ஐ/ஓ பத்திகளையும் (ஒவ்வொரு ப்ராசஸும் எவ்வளவு படிக்கிறது, எழுதுகிறது என்ற கணக்கு) சேர்த்து வைத்துக்கொண்டேன். மரம் போல எந்த ப்ராசஸ் எதைத் தொடங்கியது என்று கிளை கிளையாகக் காட்டும், புதிதாக வந்தது ஒரு நொடி பச்சையாகவும் போவது சிவப்பாகவும் மின்னும். 10 மணி வரை எல்லாம் அமைதி. 10:01-க்கு டபிள்யூஎம்ஐ ப்ரொவைடர் ஹோஸ்ட் (கம்ப்யூட்டரின் விவரங்களை மற்ற சாஃப்ட்வேர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் விண்டோஸ் ப்ராசஸ்) ஒன்று பச்சையாக முளைத்தது. சில நொடிகளில் அதன் ரீட் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது, கூடவே ஆன்டிவைரஸின் சிபியு 40-ஐத் தொட்டது, மவுஸ் அம்புக்குறி நகர மறுத்தது. டாஸ்க் மேனேஜர் மட்டும் பார்த்திருந்தால் ஆன்டிவைரஸ்தான் காரணம் என்று முடிவு கட்டி அந்தக் கம்பெனியின் சப்போர்ட்டில் புகார் போட்டிருப்பேன்.

இங்கேதான் இந்தக் கருவியின் சஸ்பெண்ட் வசதி (ஒரு ப்ராசஸைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது) கைகொடுத்தது. டபிள்யூஎம்ஐ ஹோஸ்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்து சஸ்பெண்ட் கொடுத்தேன். இரண்டே நொடியில் ஆன்டிவைரஸ் 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது, டிஸ்க் விளக்கு அணைந்தது. ரெஸ்யூம் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து ஏறின. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அதே கதை. அதாவது ஆன்டிவைரஸ் தானாக எதையும் ஸ்கேன் செய்யவில்லை, யாரோ ஒவ்வொரு ஃபைலாகத் திறந்துகொண்டே போக, திறக்கப்படும் ஒவ்வொன்றையும் அது கடமையாகச் சோதித்துக்கொண்டிருந்தது. (சஸ்பெண்டைச் சில நொடிகளுக்கு மேல் வைக்காதீர்கள், சிஸ்டத்தின் முக்கிய ப்ராசஸ்களில் கையே வைக்காதீர்கள்.)

திறப்பது யார்? நாங்கள் சாஃப்ட்வேர் அனுப்பவும் அப்டேட் போடவும் பயன்படுத்துவது மைக்ரோசாஃப்ட்டின் கான்ஃபிகரேஷன் மேனேஜர், அதன் ஏஜென்ட் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஓடும். அந்த ஏஜென்ட்டின் சிபியு அன்று ஏறவே இல்லை, அதனால்தான் இத்தனை நாளும் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. ஆனால் சாஃப்ட்வேர் இன்வென்டரி, அதாவது கம்ப்யூட்டரில் என்னென்ன ஃபைல்கள் இருக்கின்றன என்ற கணக்கு, எடுக்கும்போது ஏஜென்ட் அந்த வேலையை டபிள்யூஎம்ஐ வழியாகத்தான் செய்யும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிசிஎம் என்பதன் கீழே உள்ள லாக்ஸ் ஃபோல்டரில் ஃபைல்சிஸ்டம்ஃபைல் என்ற லாகைத் திறந்தேன், ஸ்கேன் தொடங்கிய நேரம் சரியாகப் பொருந்தியது. அப்புறம் சர்வரில் போய்ப் பார்த்தால், முன்பு ஒரு லைசென்ஸ் ஆடிட் சமயத்தில் எக்ஸி, டிஎல்எல் (ப்ரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஃபைல்கள்) இரண்டையும் எல்லா டிரைவிலும் தேடச் சொல்லி நாங்களே போட்டு வைத்த செட்டிங், அதுவும் கஸ்டம் ஷெட்யூலில், புதன் காலை 10 மணிக்கு. கஸ்டம் ஷெட்யூல் என்றால் சொன்ன நேரத்துக்கு 600-ம் ஒன்றாக எழுந்து நிற்கும். சிம்பிள் ஷெட்யூல் என்றால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் தன் நேரத்தில் செய்துகொள்ளும்.

சிம்பிளுக்கு மாற்றினோம், டிஎல்எல்-ஐ எடுத்துவிட்டோம், தேடும் இடத்தை ப்ரோகிராம் ஃபைல்ஸோடு நிறுத்தினோம். ரேமுக்கென்று ஒரு ரூபாய் செலவில்லை. அடுத்த புதன் அக்காவிடமிருந்து போன் வரவில்லை.

இதே முறையில்தான் அப்டேட் நாள் சிக்கலையும் பிடித்தேன். பெரிய அப்டேட் போகும் நாட்களில் எஸ்விசிஹோஸ்ட் (விண்டோஸின் பின்னணி சர்வீஸ்களை உள்ளே வைத்து ஓட்டும் ப்ராசஸ்) என்ற பெயரில் ஏதோ ஒன்று சிபியுவைத் தின்னும். அதன் மேல் மவுஸை வைத்தாலே எந்த எந்த சர்வீஸ் உள்ளே இருக்கிறது என்று பட்டியல் விழும், அதில் விண்டோஸ் அப்டேட் இருந்தால் ஸ்கேன் நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அப்டேட் சர்வரில் காலாவதியான பழைய அப்டேட்களை டிக்ளைன் செய்யாமல் (வேண்டாம் என்று ஒதுக்காமல்) வருடக்கணக்கில் குவித்து வைத்தால் இந்த ஸ்கேன் நீண்டுகொண்டே போகும், பயனரின் கம்ப்யூட்டரில் என்ன செய்தாலும் தீராது. இன்னொன்று, டெட்லைன் வந்ததும் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் இன்ஸ்டால் தொடங்காமல் 2 மணி நேரம் வரை பரவலாகப் பிரிக்கும் வசதி கான்ஃபிகரேஷன் மேனேஜரிலேயே இருக்கிறது, ஆனால் முதலில் அது ஆஃப் நிலையில்தான் இருக்கும். ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் டெஸ்க்டாப் ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

குறைகளையும் சொல்லவேண்டும். ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் அந்த நேரத்தில் நடப்பதைத்தான் காட்டும். நேற்று ராத்திரி 2 மணிக்கு என்ன நடந்தது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை, எனவே சிக்கல் வரும் நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும். த்ரெட்ஸ் டேபில் எந்த த்ரெட் (ப்ராசஸுக்குள் ஓடும் தனித்தனி வேலை) எவ்வளவு உழைக்கிறது என்று பிரித்துக் காட்டுவது அருமை, ஆனால் ஸ்டாக்கில் (த்ரெட் அழைத்த ஃபங்ஷன்களின் வரிசை) பெயர்கள் ஒழுங்காகத் தெரிய, அந்தப் பெயர்களைத் தரும் சிம்பல் சர்வரை அமைக்க வேண்டும், இன்டர்நெட் பூட்டிய ஆபீஸ்களில் இது பெரிய தலைவலி. ஆன்டிவைரஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட ப்ராசஸ்களின் உள்ளே எட்டிப் பார்க்கவும் விடாது. முக்கியமாக, ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர்தான். 600-ல் எது திணறுகிறது என்று இது சொல்லாது, அதற்கு வேறு வழி தேடவேண்டும்.

எந்த ஃபைலை எத்தனை தடவை திறக்கிறது என்ற அளவுக்குப் போகவேண்டுமென்றால் இதன் கூடப்பிறந்த ப்ராசஸ் மானிட்டரை எடுங்கள். அதில் ஃபைல் சம்மரி என்று ஒன்று இருக்கிறது, அக்காவின் கம்ப்யூட்டரில் ஒரு நிமிடம் ஓட்டியதிலேயே பழைய பேக்கப் ஃபோல்டர் ஒன்றுதான் பட்டியலின் உச்சியில் நின்றது. ஆனால் 4 ஜிபி மெஷினில் அதை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், பதிவுகள் மெமரியை நிரப்பி அதுவே ஒரு பாரமாகிவிடும். ஃபில்டர் போட்டு, வேண்டாததை டிராப் செய்யச் சொல்லிவிட்டு, ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஹெல்ப்டெஸ்க்கில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் இப்போது முதல் வாரத்திலேயே இதைத்தான் கொடுக்கிறேன், ஐந்துக்கு நாலரை தாராளமாகத் தருவேன். "ஸ்லோவா இருக்கு" என்று டிக்கெட் வந்தால் ரீஸ்டார்ட் சொல்வதற்கு முன் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரின் ஒரு ஸ்க்ரீன்ஷாட் கூடவே வரவேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். அந்த ஸ்க்ரீன்ஷாட்டில் நேரமும் தெரிய வேண்டும், ஏனென்றால் அதே நேரத்தை ஏஜென்ட் லாகில் தேடினால்தான் பாதி கேஸ்கள் சீட்டை விட்டு எழாமலே முடிகின்றன.