கட்டம் கட்டமாகவா, ஆளுக்கொரு வரியா? தூரத்துச் சொந்தங்கள் சேர்ந்து பாடும் வீடியோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூரத்தில் இருக்கும் சொந்தங்கள் சேர்ந்து வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு பாட்டு வீடியோ செய்து அனுப்புவதென்றால், திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எல்லோரையும் ஒன்றாகப் பாட வைப்பதைவிட, ஆளுக்கொரு வரி கொடுத்து ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுக்கும்படி செய்வதே மேல். கட்டம் பார்க்கப் பிரமாதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதை யார் பார்க்கப்போகிறார்கள், எதில் பார்க்கப்போகிறார்கள் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

2020 மார்ச் கடைசியில் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது எங்கள் குடும்பம் திசைக்கொன்றாகக் கிடந்தது. ஆச்சி அம்பாசமுத்திரத்தில், பெரிய மாமா மஸ்கட்டில், சித்தி டொரண்டோவில், அத்தான் சிங்கப்பூரில். சென்னையில் இருந்த நாங்களே இ-பாஸ் இல்லாமல் ஊருக்குப் போக முடியாது. ஆகஸ்டில் ஆச்சிக்கு எண்பது நிறைகிறது, ஒருவராலும் பக்கத்தில் இருக்க முடியாது என்பது மே மாதமே தெரிந்துவிட்டது. அதற்குள் சித்திரை ஒன்று, கல்யாண நாள், பேரன் பிறந்தநாள் என்று வந்த விசேஷங்களில் இருக்கிற எல்லா வழியையும் வீட்டில் யாராவது ஒருவர் செய்து பார்த்துவிட்டோம். அதனால்தான் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஜூமில் உட்கார்ந்து நேரடியாகச் சேர்ந்து பாடுவது. அந்த நாட்களில் பேசுவதற்கு ஜூம் செய்த உதவி பெரியது. சேர்ந்து பாடுவதற்கு அது ஆகவே ஆகாது, காரணம் நெட் வேகம் இல்லை, தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், டொரண்டோவுக்கும் நமக்கும் நடுவே குறைந்தது 13,000 கிலோமீட்டர், ஆக குரல் வந்து சேருவதற்கே 65 மில்லி நொடி ஆகிவிடும், அதற்கு மேல் ரூட்டர், சர்வர், சத்தத்தைச் சுருக்கி விரிக்கும் நேரம் எல்லாம் இருக்கிறது. சேர்ந்து பாடுகிறவர்களுக்கு 30 மில்லி நொடி தாண்டினாலே தாளம் இழுக்க ஆரம்பிக்கும். போதாததற்கு ஜூம் பேச்சுக்காகச் செய்யப்பட்ட மென்பொருள், ஒரு குரல் மேலே வந்தால் மற்றதை அமுக்கும், ஆர்மோனியத்தையும் ஜால்ராவையும் இரைச்சல் என்று வடிகட்டும். 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பைப் போட்டால் வடிகட்டல் குறையும், தாமதம் அப்படியேதான் இருக்கும். ஜாமுலஸ் என்று இசைக்காரர்களுக்கென்றே ஒரு இலவச மென்பொருள் உண்டு, ஒரே ஊருக்குள் வயர் போட்ட நெட்டில் அருமையாக வேலை செய்யும், கண்டம் தாண்டினால் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஜூமில் ஒருவர் பாட மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்கலாம், அவ்வளவுதான்.

போட்டோக்களை அடுக்கிப் பின்னால் ஒரு சினிமாப் பாட்டை ஓடவிடுவது இன்னொரு வழி. ஒரு மாலையில் முடிந்துவிடும், பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தால் பெரியவர்களுக்குப் பிடிக்கவும் செய்யும். ஆனால் அதில் யாருடைய குரலும் இல்லை. மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் இருப்பவர்களுக்குத் தேவை குரல்தான் என்று நினைக்கிறேன், அதனால் இதை நான் கடைசியில்தான் வைப்பேன். ஸ்மூல் என்ற கரோக்கி செயலியில் பாடுகிறவர்கள் நம் ஆட்களில் ஏராளம். இருவர் சேர்ந்து பாட அதைவிடச் சுலபமான வழி இல்லை, தாமதத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் எழுபது வயதுச் சித்தப்பாவையும் ஆறு வயதுக் குழந்தையையும் கணக்கு திறக்க வைத்துப் பாட வைப்பது நடக்கிற காரியம் இல்லை.

சரி, மிஞ்சுவது இரண்டு: கட்டமும் ஆளுக்கொரு வரியும். இரண்டுக்கும் அடிப்படை வேலை ஒன்றுதான். ஒருவர் வழிகாட்டிப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும், மற்றவர்கள் அதைக் காதில் கேட்டுக்கொண்டே தனித்தனியாகப் பாடி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், ஒருவர் உட்கார்ந்து ஒட்ட வேண்டும்.

கட்டம் கட்டமாகப் பாடும் வடிவத்தை உலகம் முழுக்கப் பரப்பியதில் அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கருக்குப் பெரிய பங்கு உண்டு. 2010இல் அவர் 12 நாடுகளிலிருந்து 185 குரல்களை இப்படிச் சேர்த்து வெளியிட்டார். கொரோனா வந்ததும் பாடகர் குழுக்கள் எல்லாம் அந்த வழிக்கு வந்தன. அங்கே அது சரியான வடிவம்தான், ஏனென்றால் சேர்ந்திசைக் குழுவில் எந்தக் குரலும் தனியாகத் தெரியாமல் கலந்து ஒலிப்பதுதான் அழகு. குடும்பத்தில் அதற்கு நேர் எதிர். இது மாமா குரல், இது மதினி குரல் என்று அடையாளம் தெரிவதற்காகத்தானே இத்தனை பாடு?

மே மாதம் அத்தான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பன்னிரண்டு கட்டம் போட்டு ஒரு வீடியோ செய்தார். நல்ல வேலை. ஆச்சி அதை ஆறு அங்குல போனில் பார்த்தார்கள். அந்தத் திரையில் பன்னிரண்டு கட்டம் என்றால் ஒரு முகம் பெருவிரல் நகம் அளவுதான் வரும். போனில் கேட்டபோது ஆச்சி சொன்னது இது: "எல்லாரும் பொட்டுப் பொட்டா தெரியுதீய, யாரு எவருன்னே பிடிபடல. சத்தம் மட்டும் கோயில்ல கூட்டுப் பிரார்த்தன கணக்கா கேக்கு." அதைவிடச் சரியான விமர்சனம் நான் கேட்டதில்லை.

கட்டத்தில் உள்ள தொழில்நுட்பச் சிக்கலும் சாதாரணமானதல்ல. போன் கேமரா நொடிக்கு 30 பிரேம், அதாவது 30 படம், என்று சொன்னாலும் வெளிச்சத்துக்கும் போன் சூட்டுக்கும் ஏற்றபடி கூட்டிக் குறைக்கும். தொடக்கத்தில் எல்லோரும் அடையாளத்துக்காகத் தட்டும் கைத்தட்டலை ஒரே புள்ளியில் பொருத்தி வைத்தாலும் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று போய்விடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு பிரேம் எண்ணிக்கையை நிலையாக மாற்றிவிட்டு ஒட்டினால் இது பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் பன்னிரண்டு வீடியோவையும் மாற்ற வேண்டும். ஆளுக்கொரு வரியில் ஒவ்வொரு துண்டும் பத்துப் பதினைந்து நொடிதான், நழுவுவதற்கு நேரமே கிடையாது.

அப்புறம் சுருதி. ஆண்களுக்கு 1 கட்டை, பெண்களுக்கு 5 கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் எண்) என்பது பாட்டு வகுப்புக்குப் போன எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் பாடுவதென்றால் நடுவில் எங்காவது வைத்து இரண்டு தரப்பையும் கொஞ்சம் கஷ்டப்படுத்தித்தான் ஆக வேண்டும். வரி வரியாகப் போனால் வழிகாட்டியை இரண்டு சுருதியில் பதிவு செய்து அனுப்பலாம். ஆண்கள் பாடி முடித்ததும் நடுவில் ஒரு குழந்தை "ஆச்சி, எப்படி இருக்கீய?" என்று கேட்கிற துண்டை வைத்துவிட்டுப் பெண்களின் சுருதியில் தொடரலாம், காது ஏற்றுக்கொள்ளும். பாடவே வராது என்று ஒதுங்குகிறவர்களுக்கும் இதில் இடம் உண்டு, ஒரு வரியைப் பேசலாம், ஜால்ரா தட்டலாம்.

நாங்கள் எடுத்துக்கொண்டது வீட்டுத் தாலாட்டு. யார் அடித்து அழுகிறாய், மாமன் அடித்தாரா, அத்தை அடித்தாளா என்று உறவுமுறை வரிசையாக வருகிற வகை. எல்லா ஊரிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இது இருக்கும். மாமன் வரியை மாமாவே பாடினார், அத்தை வரியை அத்தை. ஆளுக்கொரு வரி கொடுப்பதற்கென்றே கட்டிய பாட்டு அது. மாமா மூன்றாவது சொல்லிலேயே சிரித்துவிட்டார், அந்தச் சிரிப்போடு இன்னொரு முறை எடுத்து முடித்தார். கட்டத்தில் என்றால் அந்தச் சிரிப்பு பதினொரு குரலுக்கு நடுவில் பிசிறாகத் தெரியும், வெட்டியாக வேண்டும். இதில் முழுத்திரையில் மாமா சிரிப்பது தெரிகிறது, ஆச்சி ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துக்குக் காத்திருந்து பார்த்தார்கள். கடைசி ஆராரோவுக்கு மட்டும் எல்லோரையும் ஒரே திரையில் கட்டம் கட்டமாகக் கொண்டுவந்தோம். கட்டம் அங்கே இருபது நொடிக்குப் போதும், அதற்குள் எல்லா முகமும் பழகியிருக்கும் என்பதால் சின்னதாக இருந்தாலும் அடையாளம் தெரியும்.

பதிவு செய்வதில் ஒன்றே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: வழிகாட்டியைக் கேட்க வயர் உள்ள இயர்போனைத்தான் பயன்படுத்த வேண்டும். புளூடூத் இயர்போனில் சத்தம் நொடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு தாமதமாகத்தான் காதுக்கு வரும், பாடுகிறவருக்கு அது தெரியாது, ஒட்டுகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். ஒரு போனில் வழிகாட்டியைக் கேட்டுக்கொண்டு இன்னொரு போனில் வீடியோ எடுப்பது நல்லது, ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டால் தன் சுருதி தனக்குக் கேட்கும். போனைக் கிடைமட்டமாக வைக்கச் சொல்லுங்கள், முகம் ஜன்னலைப் பார்க்கட்டும், ஃபேனை அணைக்கட்டும். வெறும் சுவர் உள்ள ஹாலைவிடத் துணி அடைத்த பீரோவும் மெத்தையும் உள்ள படுக்கையறையில் குரல் தெளிவாக விழும்.

ஒட்டுவதற்கு எது? லேப்டாப் கொஞ்சம் பலமானதாக இருந்தால் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே தாராளம், சத்தத்தை மட்டும் சீராக்க ஆடாசிட்டி. போனிலேயே முடிக்க வேண்டும் என்றால் கைன்மாஸ்டர், இலவசப் பதிப்பில் அவர்களுடைய முத்திரை ஓரத்தில் விழும், இன்ஷாட்டிலும் அதே கதைதான். இங்கேயும் ஆளுக்கொரு வரிக்குத்தான் என் ஓட்டு, துண்டுகளை வரிசையாக அடுக்குவதைச் சாதாரண போன் தாங்கும், பன்னிரண்டு வீடியோவை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் திணறிவிடும்.

அனுப்புவதில்தான் பலர் செய்த உழைப்பெல்லாம் வீணாகிறது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அப்போது 16 எம்பிக்குள் சுருக்கிவிடும், முகமும் குரலும் மங்கிப்போகும். துண்டுகளை வாங்கும்போதே டாக்குமெண்டாக அனுப்பச் சொல்ல வேண்டும், 2020இல் அதற்கு 100 எம்பி வரை இடம் இருந்தது, டெலிகிராமில் 2 ஜிபி வரை. முடித்த வீடியோவை யூடியூபில் சுட்டி உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி போடலாம், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் சினிமாப் பாட்டின் கரோக்கியைப் பின்னணியில் வைத்திருந்தால் உரிமைக் கோரிக்கை வரும், சில சமயம் ஓடவே விடாது. தாலாட்டுக்கும் கும்மிக்கும் நாமே வாசித்துப் பாடினால் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

ஆச்சிக்கு இதில் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்து பக்கத்து வீட்டுத் தம்பிக்கு அனுப்பி, பென் டிரைவில் ஏற்றி டிவியில் போடச் சொன்னோம். டிவி பழையது என்றால் ஐபோனில் எடுத்த புது வகைக் கோப்பு அதில் ஓடாமல் போகலாம், ஒட்டி முடிக்கும்போதே எச்.264 எம்பி4 என்ற பரவலான கோப்பு வகையாக எடுத்துவிடுங்கள். டிவியின் சத்தத்தை அந்தத் தம்பியே வைத்துவிட்டுப் போகட்டும், ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஓடும் என்பதையும் ஆச்சிக்குக் காட்டிக்கொடுக்கட்டும்.

ஒட்டியவரிடம் இருக்கும் மூலத் துண்டுகளை அழித்துவிட வேண்டாம், ஒரு ஹார்ட் டிஸ்கில் பெயரும் தேதியும் போட்டு வைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது சித்தி மகளிடம் இருக்கிறது, மாமா சிரித்து நிறுத்திய அந்த முதல் தடவையும் சேர்த்து.