சென்னையில் வாடகை வீடு தேடிய அனுபவம்: அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறது?

லண்டனிலிருந்து இம்முறை நான் ஊருக்குச் சென்றது ஒரே வேலைக்காகத்தான். தஞ்சாவூரில் தனியாக இருந்த பெற்றோரை, சென்னையில் என் தங்கை குடியிருக்கும் நங்கநல்லூர், மடிப்பாக்கம் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் குடிவைக்க வேண்டியிருந்தது. வாடகை ஏறியிருக்கிறது என்று தங்கை தொலைபேசியில் சொல்லியிருந்தாள். வீட்டுக்காரர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் இடையில் பேச்சே கசந்து போயிருப்பதை நேரில் போன பிறகுதான் கண்டேன்.

முதலில் வாடகை. தங்கை மூன்று ஆண்டுகளுக்கு முன் 15,000 ரூபாய்க்கு எடுத்த இரண்டு படுக்கையறை வீட்டின் மேல் தளத்தில், அதே அளவுள்ள வீடு காலியானபோது 23,000 ரூபாய் கேட்டார்கள். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களுக்குத் திரும்பியது ஒரு காரணம். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை போடப்படும் மெட்ரோ பாதை மடிப்பாக்கம் வழியாகச் செல்வது இன்னொரு காரணம். பணிகளுக்காகச் சாலை குறுகிக் கிடந்த காலத்திலேயே, 'மெட்ரோ பக்கத்தில்' என்று சொல்லித் தரகர்கள் வாடகையை ஏற்றிவிட்டார்கள். எங்களை அழைத்துச் சென்ற தரகர், "சார், லண்டன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அங்கேயே ரெண்டாயிரம் ஏத்திடுவாங்க" என்று எச்சரித்தார். அவருக்குரிய ஒரு மாத வாடகைக் கமிஷனை ரூபாய் குறையாமல் வாங்கிக்கொண்டார் என்றாலும், அந்த ஓர் அறிவுரைக்கே அவருக்குக் கொடுத்தது தகும்.

வாடகையைவிட என்னை யோசிக்க வைத்தது அட்வான்ஸ். பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது சென்னையின் பழைய வழக்கம். இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறு மாதம் என்று கேட்கிறார்கள். அதையும் சலுகை போலவே சொல்கிறார்கள். இந்தப் பணம் வீட்டுக்காரரின் கையில் வட்டியில்லாமல் இருக்கிறது என்பதுகூடப் பெரிதில்லை. பெரும்பாலும் அது அவர் கையிலேயே இருப்பதில்லை. மகள் திருமணத்துக்கோ, மாடி கட்டவோ செலவாகிவிடுகிறது. குடியிருப்பவர் காலி செய்யும்போது, "அடுத்த ஆள் வரட்டும், அவர் கொடுக்கும் அட்வான்ஸில் உங்களுக்குத் தருகிறேன்" என்ற பதில்தான் வருகிறது. அதற்குள் பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகை, உடைந்த குழாய்க்கு இவ்வளவு, சுவரில் அடித்த ஆணிக்கு இவ்வளவு என்று கழிவுகள் சேர்ந்துவிடுகின்றன. இதை அறிந்த குடியிருப்பவர்கள், காலி செய்வதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே வாடகை கொடுப்பதை நிறுத்திவிட்டு, "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். வீட்டுக்காரருக்கு அது ஏமாற்று வேலையாகத் தெரிகிறது; குடியிருப்பவருக்கோ தன் பணத்தைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. நான் பேசிய இரு தரப்பினரும் தத்தம் நியாயத்தைக் குறையில்லாமல் விளக்கினார்கள்.

இங்கிலாந்தில் வாடகை என்பது சம்பளத்தைத் தின்றுவிடும் சுமை. அதைப் புகழ எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அங்குள்ள ஏற்பாடு வேறு. 2019 ஜூன் முதல் முன்பணம் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. முகவர் குடியிருப்பவரிடம் கமிஷன் வாங்கவும் கூடாது. வாங்கிய முன்பணத்தை வீட்டுக்காரர் 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிய வேண்டும். பிடித்தம் பற்றித் தகராறு வந்தால், இரு தரப்பும் சம்மதித்தால் அந்தத் திட்டமே கட்டணமின்றித் தீர்ப்புச் சொல்கிறது.

தமிழ்நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும், காலி செய்து வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் 'வேறு உடன்பாடு இல்லாதவிடத்து' என்ற முன்னொட்டோடு. பத்து மாத வழக்கம் இந்த ஓட்டை வழியாகத்தான் இன்னும் நடமாடுகிறது, ஏனெனில் வீடு தேவைப்படுபவர் எந்த உடன்பாட்டிலும் கையெழுத்திடுவார்.

கடைசியில் மடிப்பாக்கத்தில் எங்களுக்கு அமைந்த வீட்டின் உரிமையாளர், ஓய்வு பெற்ற ஆசிரியர், மாடியிலேயே குடியிருப்பவர். பதிவு என்றதும் தயங்கினார். பதினோரு மாத ஒப்பந்தம் போட்டால் பதிவு தேவையில்லை என்பது அவர் காலங்காலமாகக் கேட்டு வந்தது. புதிய சட்டத்தில் கால அளவு எதுவானாலும் பதிவு உண்டு என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அவருடைய பயத்துக்கும் காரணம் இருந்தது. அவருடைய தந்தையின் மேற்கு மாம்பலம் வீட்டில் பழைய சட்டக் காலத்தில் குடியிருந்தவர், வழக்கை இழுத்தடித்துத் தந்தை இறந்த பிறகுதான் காலி செய்தாராம். "2022ல சொத்து வரியை ஏத்தினாங்க தம்பி, அப்புறமும் ஏத்தினாங்க. எனக்கு வர்ற பென்ஷனுக்கு இந்த வாடகைதான் துணை" என்றும் சொன்னார். அவரைப் பேராசைக்காரர் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

பதிவு செய்துவிட்டால், காலி செய்யாதவர்மீது வாடகை நீதிமன்றத்துக்குப் போக அவருக்கே அது உதவும் என்று எடுத்துச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். ஐந்து மாத அட்வான்ஸை மூன்றாகக் குறைக்க, 23,000 ரூபாய் வாடகையை 24,000 ஆக்கினார். நெடுநாள் குடியிருந்தால் இந்தக் கணக்கில் எங்களுக்கு நட்டம்தான். இருந்தாலும் திரும்பி வருமா என்று தெரியாத பணத்தின் அளவு குறைகிறதே என்று சம்மதித்தோம். பெயிண்ட் செலவை ஒரு மாத வாடகை என்று வைக்காமல், ரசீதுப்படி என்று எழுதிக்கொண்டோம்.

மின்சாரத்துக்கும் தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. நாங்கள் பார்த்த பல வீடுகளில் வீட்டுக்காரர் பெயரில் ஒரே இணைப்பு இருக்கிறது. குடியிருப்பவருக்குச் சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது ரூபாய் என்று ஒரே விகிதத்தில் வாங்குகிறார்கள். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற அரசுச் சலுகை அப்படிப்பட்ட வீடுகளில் குடியிருப்பவருக்குப் போய்ச் சேருவதில்லை. தனி இணைப்பு உள்ள வீடா என்பதை நாங்கள் முதல் கேள்வியாகவே வைத்துக்கொண்டது பயன் தந்தது.

மாத வாடகையே இல்லாமல் பத்து, பன்னிரண்டு லட்சம் மொத்தமாகக் கொடுக்கும் லீஸ் வீடுகளையும் தரகர் காட்டினார். வீடு வங்கிக் கடனில் இருந்து, உரிமையாளர் தவணை கட்டத் தவறினால் நம் பணமும் சேர்ந்து முடங்கும் என்பதால் அவற்றை விட்டுவிட்டோம்.

மேடவாக்கத்தில் பார்த்த ஓர் அடுக்குமாடி வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது வெளிநாட்டில் வாழும் நம்மைப் போன்றவர்கள் சம்பந்தப்பட்டது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். சாவி மட்டும் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம். குளியலறையில் கசிவு இருந்தது, ஆனால் சரி செய்யச் சொல்ல அங்கே யாருக்கும் அதிகாரமில்லை. வாடகையை உரிமையாளரின் தாயாருடைய கணக்கில் போடச் சொன்னார்கள். வெளிநாடு வாழ் இந்தியருக்கு வாடகை கொடுப்பவர், தொகை எவ்வளவு சிறியதானாலும், 30 சதவீத வரியையும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியையும் பிடித்து அரசுக்குக் கட்டி, காலாண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை கேட்பது குடியிருப்பவரைத்தான். எழுபது வயதைத் தாண்டிய என் அப்பாவை அந்தச் சிக்கலில் இழுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. சென்னையில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்கள், குறைந்த விகிதத்தில் பிடித்தம் செய்யும்படி வருமான வரித்துறையிடம் சான்றிதழ் வாங்கிக் குடியிருப்பவரிடம் கொடுக்கலாம். பழுது பார்க்கவும் கையெழுத்திடவும் அதிகாரம் பெற்ற ஒருவரை உள்ளூரில் நியமிக்கவும் செய்யலாம். அந்த மேடவாக்கம் வீட்டில் இவை இரண்டும் இருந்திருந்தால், மடிப்பாக்கத்தைவிட வாடகை குறைவாக இருந்த அதையே நாங்கள் எடுத்திருப்போம்.