மனிதக் கை படாத குதிரைக்குத் தலைக்கயிறு: எந்த வழியில் பழக்குவது?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் அரசு நிலங்களில் திரியும் மஸ்டாங் குதிரைகளுக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. மேய்ச்சல் நிலம் தாங்கும் அளவை மீறி அவை பெருகும்போது, அந்நாட்டின் நில மேலாண்மைப் பணியகம் ஒரு பகுதியைப் பிடித்துப் பொதுமக்களுக்கு வளர்க்கக் கொடுக்கிறது. திரவ நைட்ரஜனில் குளிர்வித்த அச்சால் கழுத்தின் இடப்புறம் முத்திரை இடப்பட்டு வரும் ஒரு வயதுக் குட்டி, பெரும்பாலும் அந்த முத்திரைக்காகவும் தடுப்பூசிக்காகவும் நெருக்கி நிறுத்தப்பட்ட வேளைகளில் மட்டுமே மனிதரை அருகில் கண்டிருக்கும். 18 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு 5 அடியும், பழகாத பெரிய குதிரைக்கு 6 அடியும் வேலி உயரம் வேண்டும் என்றும், ஒரு குதிரைக்கு 400 சதுர அடியாவது பட்டி வேண்டும் என்றும் பணியகம் விதித்திருப்பதிலிருந்தே அதன் அச்சத்தின் அளவை உணரலாம்.

அந்தக் குட்டி கற்க வேண்டிய முதல் பாடங்களில் ஒன்று தலைக்கயிறு. கடிவாளத்தைப் போல வாய்க்குள் இரும்பு இல்லாமல், மூக்குத்தண்டையும் காதுகளுக்குப் பின்னுள்ள உச்சியையும் சுற்றி நிற்கும் எளிய அணி அது. அது இல்லாமல் குளம்பு திருத்துபவரையோ மருத்துவரையோ பாதுகாப்பாக அருகில் விட முடியாது. இதைப் பழக்க மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன.

முதலாவது, எப்படியாவது கயிற்றை மாட்டி, அசையாத கம்பத்தில் கட்டி, களைத்து அடங்கும்வரை போராட விடும் பழைய வழி. இதை நான் முற்றிலும் மறுக்கிறேன். உச்சியில் அழுத்தம் விழுந்ததும் அதை எதிர்த்துப் பின்னோக்கி இழுப்பது பழகாத குதிரையின் இயல்பு. வளரும் கழுத்தெலும்புகள் முழு உடல் எடையின் இழுப்பைத் தாங்க நேரும்போது ஆறாத காயம் உண்டாகலாம். கயிறு அறுந்துவிட்டாலோ, இழுத்தால் விடுதலை கிடைக்கும் என்ற பாடம் ஒரே நாளில் பதிந்துவிடும். அடங்கி நிற்கும் குதிரை அமைதியடைந்துவிட்டது என்று கொள்வதற்கும் இல்லை. தப்ப வழியில்லை என்று கண்டு அது முயற்சியைக் கைவிட்டிருக்கலாம்.

இரண்டாவது, அழுத்தமும் தளர்வும். பட்டியின் நடுவில் நிற்பவர் குதிரையின் தோளை நோக்கி மெல்ல நடக்கிறார்; அது விலகத் தொடங்குவதற்குச் சற்று முன்பே நின்று, அது காதைத் திருப்பினாலோ ஒரு கணம் நிலையாக நின்றாலோ உடனே பின்வாங்குகிறார். குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் பார்வை எட்டாது என்பதால், தோள்பக்கமாக அணுகுவது இங்கு அடிப்படை விதி. தொடுகையை ஏற்றபின் கயிறு வருகிறது: பக்கவாட்டில் இலேசாக இழுத்துப் பிடித்திருந்து, தலை ஒரு விரற்கடை திரும்பியதும் கையைத் தளர்த்த வேண்டும். இவ்வழியின் முழு வலிமையும் அந்தத் தளர்வின் கணத்தில்தான் இருக்கிறது, ஏனெனில் குதிரை கற்பது இழுப்பிலிருந்து அன்று, இழுப்பு நின்றபோது தான் என்ன செய்துகொண்டிருந்தது என்பதிலிருந்தே. கைதேர்ந்தவரிடம் இது விரைவானது. புதியவரிடம் இதுவே கெடுதலாகிறது: அவர் ஓரிரு வினாடி தாமதித்தால் தலையை உதறியதற்குப் பரிசு கிடைத்துவிடும், அடுத்த முறை குதிரை இன்னும் பலமாக உதறும்.

மூன்றாவது, தீனியைக் கொண்டு பழக்குவது. வேலிக்கு வெளியே நின்று, கழியின் நுனியில் கட்டிய பந்தை நீட்டுகிறார்கள். குட்டி மூக்கால் தொட்டதும் ஒரு குறியொலி, உடனே ஒரு பிடி உலர்புல். காட்டில் வளர்ந்த குதிரைக்குக் காரட்டும் ஆப்பிளும் தீனி என்றே பெரும்பாலும் தெரியாது. ஆகவே உலர்புல்லில் தொடங்குவதே பொருத்தம். பின்பு பந்து இருந்த இடத்தில் கயிற்று வளையத்தைப் பிடித்தால், குட்டி தானாகவே அதற்குள் மூக்கை நுழைக்கக் கற்கிறது. விலகிப் போகும் உரிமை அதற்கு எப்போதும் உண்டு என்பதுதான் இவ்வழியில் எனக்கு மிகவும் பிடித்தது. பழக்குபவரின் கைத்தவறும் இங்கு அச்சமாக மாறுவதில்லை. குறை இல்லாமலும் இல்லை. தீனிக்காகக் கையையும் பையையும் துழாவத் தொடங்கினால், வளர்ந்துவரும் குட்டியின் பல் ஆபத்தானது. குட்டி முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பி நிற்கும்போது மட்டுமே தீனி தருவதென்று முதல் நாளிலேயே வகுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைத் தள்ளிவிடுவோர் பலர் உள்ளனர். நான் அப்படிச் செய்யமாட்டேன். முதல் தொடுகையும் கயிற்றை மாட்டுவதும் தீனிவழியில் நடக்கட்டும் என்பேன், ஏனெனில் பயத்தின் உச்சம் அங்கேதான். ஆனால் தலைக்கயிறு என்பதே அழுத்தத்தால் பேசும் கருவி; ஒரு நாள் கயிறு வேலியில் மாட்டிக்கொண்டாலோ, அறியாத ஒருவர் அதைப் பிடித்து இழுத்தாலோ, அழுத்தத்துக்கு இணங்கக் கற்காத குதிரை திகைத்துப் பாய்ந்துவிடும். ஆகவே நடத்திச் செல்லும் பாடத்தில் இரண்டாவது வழி தவிர்க்க முடியாதது. கட்டி நிறுத்துவது இவை எல்லாம் முடிந்த பிறகே. அதுவும் முதலில் கயிற்றைக் கம்பத்தின் வளையத்தில் கோத்து, முனையைக் கையிலேயே பிடித்திருந்து, இழுத்தால் நழுவ விட வேண்டும்.

அணியைப் பொறுத்தவரை, முடிச்சிட்ட மெல்லிய கயிறு சிறு சைகையையும் உணர்த்தும், ஆனால் அறுந்து விடுவிக்காது. அகன்ற நைலான் பட்டை மென்மையானது என்றாலும் அதுவும் எளிதில் அறாது. நெருக்கடியில் அறக்கூடியது தோல்தான். எதுவாயினும் பட்டியில் தனியே விடும்போது கழற்றிவிட வேண்டும், ஏனெனில் பின்னங்காலால் காதைச் சொறியும் குட்டியின் குளம்பு அதில் சிக்கிக்கொள்ளும். கழற்றும்போதும் அது தலையைத் தாழ்த்தி நிற்கும்வரை காத்திருந்தே கொக்கியை அவிழ்க்க வேண்டும். உதறும் வேளையில் அவிழ்த்தால், மறுநாள் மாட்டும்போதும் அதே உதறலைத்தான் சந்திப்போம்.