18,000 கட்டி செல்லாத கோட் படிச்சேன்: மெடிக்கல் கோடிங் சேரப் போறவங்க கவனிங்க

நேத்து கோடிங் வேலைக்கான டெஸ்ட் (டாக்டர் எழுதினதைப் படிச்சு நோய்க்குரிய கோட் போடுற வேலை). மூணாவது சார்ட்ல, அதாவது நோயாளியோட மருத்துவப் பதிவுல, ஒரு நெஞ்செரிச்சல் கேஸ். எண்டோஸ்கோப்பி பண்ணியிருக்காங்க, உணவுக்குழாய்ல அழற்சி கிரேடு பி, ரத்தக்கசிவு இல்லை. ரிஃப்ளக்ஸ் ஈசோஃபஜைட்டிஸ்னு, அதாவது வயித்து அமிலம் மேல ஏறி உணவுக்குழாய்ல வர்ற அழற்சின்னு, டாக்டரே தெளிவா எழுதியிருந்தார். யோசிக்காம கே21.0 போட்டேன். தப்பு! அமெரிக்காவோட நோய்க் கோட் பட்டியலான ஐசிடி-10-சிஎம்ல 2020 அக்டோபர் 1-லேயே அதை ரெண்டா உடைச்சாச்சாம். ரத்தக்கசிவு இல்லைன்னா கே21.00, இருந்தா கே21.01. அழற்சியே இல்லாத ரிஃப்ளக்ஸுக்கு மட்டும் அதே பழைய கே21.9.

இதைச் சொல்லித்தரத்தானே ஒரு ஆன்லைன் பயிற்சி நிறுவனத்துக்கு 18,000 கட்டினேன்?

இலவச டெமோ கிளாஸ்ல அந்த சார் ரெண்டு கையையும் குவிச்சு, வயித்துக்கு மேல இருக்கிற வால்வு எப்படித் தளர்ந்து அமிலம் ஏறுதுன்னு காட்டினார். அவ்வளவு அழகா இருந்துச்சு. (இப்பவும் சொல்றேன், அந்தப் பாடம் நல்ல பாடம்தான்.) "நடுராத்திரி டவுட் வந்தாலும் மெசேஜ் போடும்மா, நான் இருக்கேன்"னார். அந்த "நான் இருக்கேன்"ல விழுந்தவதான். அன்னிக்கு ராத்திரியே 18,000 போயாச்சு. தவணை உண்டான்னுகூடக் கேட்கலை.

டெஸ்ட் முடிஞ்சு வந்து அவங்க பிடிஎஃபைத் திறந்து பார்த்தா, அட்டையில இந்த வருஷம். உள்ளே ஒவ்வொரு பக்கத்து அடியிலயும் பொடி எழுத்துல 2019! அட்டையை மட்டும் மாத்தி ஒட்டியிருக்காங்க. இன்னொண்ணு, அவுட்பேஷண்ட் சார்ட்ல "ரிஃப்ளக்ஸா இருக்கலாம்"னு டாக்டர் சந்தேகமா எழுதினாலே கே21.9 போடச் சொல்லிக் கொடுத்தாங்க. போடவே கூடாது. உறுதியாகாத வரைக்கும் அறிகுறியைத்தான் போடணும், நெஞ்செரிச்சல்னா ஆர்12.

சாருக்கு மெசேஜ் போட்டேன். நீல டிக் விழுந்துச்சு, பதில் விழலை. சப்போர்ட்ல ஒரு பொண்ணு, "அப்டேட் பார்த்துக்கறது ஸ்டூடண்ட் பொறுப்பு மேடம்"ங்கிறா. ரெண்டாவது தடவை ஒரு பையன், "ரீஃபண்டுக்கு 7 நாள்தான் மேடம்"னான். மூணாவதா வந்தவர் கெட்டிக்காரர்: "உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-10ல கே21.0 இருக்கே?" இருக்குதான் ஐயா! நான் அமெரிக்க இன்ஷூரன்ஸ் க்ளெய்முக்குப் படிக்கத்தானே 18,000 கொடுத்தேன்? லைன் கட் ஆயிடுச்சு.

சேர்றதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்துல ஓடமாட்டேங்குது. டெமோவிலயே "கே21.0 என்னாச்சு சார்?"னு கேளுங்க, முழிச்சா வெளியே வந்துடுங்க. பிடிஎஃப்ல உள்பக்கத்து அடியைப் பாருங்க. அக்டோபருக்கு அக்டோபர் கோட் மாறும், யார் அப்டேட் தருவாங்கன்னு எழுத்துல வாங்குங்க. மொத்தமா கட்டாதீங்க.

சப்போர்ட் லைன் திறக்கிற நேரம் ஆச்சு. மறுபடி கூப்பிடப் போறேன்.